அன்று நின்றுபோன தமிழகப் புத்தகங்கள்: 1970–77 இல் இலங்கையில் நடந்தது தடையா, கட்டுப்பாடா?

கேள்வி: "1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தமிழ்நாட்டிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் வருவதைத் தடைசெய்தது என்கிறார்கள். வேறு சிலர், அந்நியச் செலாவணி இல்லாமல் எல்லாப் பொருளுக்கும் போட்ட கட்டுப்பாடுதான் அது, மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். எது சரி? நடைமுறையில் அது எப்படி இயங்கியது?"

பதில்: சட்டப்படி பார்த்தால் அது செலாவணிக் கட்டுப்பாடு. ஆனால் வாசகசாலை மேசையில் அது ஒரு மொழிக்கு விழுந்த தடையாகத்தான் தெரிந்தது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அரசியல் மேடைப் பேச்சைவிட இறக்குமதி அனுமதிப்பத்திரம் என்ற காகிதத்தைப் பார்ப்பது நல்லது.

முதலில் பின்னணி. 1970 மே மாதத் தேர்தலில் சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்த ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் என். எம். பெரேரா. திறைசேரியில் அந்நியச் செலாவணி அப்போதே வறண்டிருந்தது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி, அதைத் தொடர்ந்து நீண்ட அவசரகால நிலை, 1973இல் எண்ணெய் விலையேற்றம், பாணுக்கு வரிசை. இறக்குமதியைக் குறை, உள்ளூரில் செய் என்பது அந்த அரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கை. இந்தக் கதையை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மிளகாய், வெங்காய இறக்குமதி கூட இதே கொள்கையால்தான் நிறுத்தப்பட்டது.

கட்டுப்பாட்டுக்கான கருவிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஒன்று, 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். நாட்டை விட்டுப் பணம் வெளியே போவதை இது ஆண்டது. மற்றது, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். இது பொருள் உள்ளே வருவதை ஆண்டது. இரண்டும் தனித்தனிப் பூட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் மைத்துனர் தன் செலவில் வாங்கி அன்பளிப்பாக ஒரு பொதி அனுப்பினால் செலாவணிப் பூட்டு திறந்துவிடும், ஏனென்றால் இங்கிருந்து ஒரு சதமும் வெளியே போகவில்லை. ஆனாலும் பொதி சுங்கத்தில் இறக்குமதிதான். இதைப் பிரித்துப் பார்க்காமல் "பணம் கட்ட முடியாததால் வரவில்லை" என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு மேல் 1968இல் வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை. அத்தியாவசியப் பட்டியலுக்கு வெளியே உள்ள பொருளை இறக்குவதானால் உத்தியோகபூர்வ விகிதத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் 44 வீதம், பின்பு 55, 1972 இறுதியில் 65. அதாவது 100 ரூபா பெறுமதியான செலாவணிக்கு 165 ரூபா. எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் என்பதை அரசாங்கம் தன் தேவைக்கேற்ப மாற்றலாம். அதற்கு நாடாளுமன்றத்தில் விவாதம் தேவையில்லை, வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் போதும்.

இப்போது ஒரு புத்தகக் கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். சென்னைப் பதிப்பாளரிடம் விலைப்பட்டியல் எடுக்க வேண்டும். அதை வைத்து இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதிப்பத்திரம் கேட்க வேண்டும். அனுமதி எத்தனை பிரதி என்பதற்கல்ல, எத்தனை ரூபா பெறுமதி என்பதற்கு. அது கிடைத்தால் வங்கி, செலாவணி அனுமதி, பிறகு சரக்கு, பிறகு சுங்கம். இதில் எந்த மேசையில் கடதாசி தேங்கினாலும் முழுதும் தேங்கும். வாராந்தரச் சஞ்சிகைக்கு இந்தப் பாதையே மரண தண்டனை. ஒரு வாரம் விற்கும் சரக்கு ஐந்து வாரம் கழித்து வந்தால் அது பழைய கடதாசி, நிறுத்து விற்கும் விலைதான். அதற்குக் கொடுத்த செலாவணியைத் திருப்பி வாங்கவும் வழியில்லை.

பெறுமதி வரம்பு இன்னொரு வேலையும் செய்தது. அதிகம் பேசப்படாத இடம் இது, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். கணக்குக்காக, கடைக்காரர் கையில் ஆண்டுக்கு 10,000 ரூபாவுக்கு அனுமதி என்று வைத்துக்கொள்வோம். அதில் அவர் எதை இறக்குவார்? புறநானூற்று உரைப் பதிப்பு பத்துப் பிரதி இறக்கினால் விற்க மூன்று வருடம் ஆகலாம். குடும்ப நாவல் ஐந்நூறு இறக்கினால் இரண்டு மாதத்தில் கை சுத்தம். தாராளமாக இறக்க முடிந்த காலத்தில் கடைக்காரர் இரண்டையும் வைத்திருப்பார், நாவல் இலாபம் உரைப் பதிப்பைச் சுமக்கும். வரம்பு வந்ததும் ஒவ்வொரு ரூபாவும் கணக்குப் பார்த்துத்தான் செலவாகும், முதலில் விழுவது உரைப் பதிப்பு. செலாவணியோடு தரமற்ற எழுத்தையும் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போட்ட வேலி, நடைமுறையில் தரமான நூலைத்தான் முதலில் வெளியே நிறுத்தியது. பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பாடமாக எடுத்தவருக்கும், உயர்தர வகுப்புத் தமிழ் ஆசிரியருக்கும் தமிழகத்துச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பதிப்புகள் வெறும் பொழுதுபோக்கல்ல, பாடநூல்.

சில சஞ்சிகைகளைப் பெயர் சொல்லித் தடுப்பது, பெறுமதியால் தடுப்பது, தாமதத்தால் தடுப்பது என்று மூன்றும் ஒரே காலத்தில் நடந்ததால்தான் அந்தக் காலத்து வாசகர் நினைவில் எல்லாம் சேர்ந்து "தடை" என்ற ஒரே சொல்லாக நிற்கிறது. அந்தச் சொல்லில் பெரிய பிழை இல்லை.

சரி, கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுதானே? ஆங்கிலப் புத்தகமும்தானே வரவில்லை? உண்மை. இலண்டன் பதிப்புகளும் அருகிவிட்டன, கொழும்பு ஆங்கில வாசகரும் முணுமுணுத்தார். ஆனால் சிங்களப் புத்தகத்துக்கு அந்த ஆண்டுகளில் என்ன ஆனது என்று பாருங்கள். இறக்குமதியால் எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் சிங்களப் புத்தகம் இறக்குமதியாவதே இல்லை. அந்த மொழியின் எழுத்தாளர், அச்சகம், வாசகர் மூவரும் தீவுக்குள்தான். தமிழின் நிலை வேறு. 1971 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 14 இலட்சம், மலையகத் தமிழர் 12 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு, முஸ்லிம்கள் எட்டரை இலட்சம். தமிழ் பேசுவோர் எல்லாமாக 34 இலட்சம் போல. அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 12 இலட்சம். அந்தச் சந்தையை நம்பி அச்சான அம்புலிமாமாவும் கல்கியும் கலைமகளும்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் பெரியவரும் வாசித்தவை. முஸ்லிம்களின் மார்க்க நூல்களிலும், தோட்டப்புறத்துக்குப் போன கதைப் பாட்டுப் புத்தகங்களிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. ஆகவே மொழியின் பெயரையே குறிப்பிடாத ஒரு விதி, நாட்டு மொழிகள் இரண்டில் ஒன்றின் மீது மட்டும் முழுப் பாரத்தையும் இறக்கியது. விதியை எழுதிய உத்தியோகத்தருக்கு அந்த நோக்கம் இருந்ததா என்று தேடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. விளைவு முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்தது, தெரிந்த பிறகும் விலக்கு அளிக்கவில்லை. எனக்கு அது போதும்.

இதை அந்த ஆண்டுகளின் மற்ற நடவடிக்கைகளோடு வைத்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1956இலேயே சிங்களம் மட்டும் சட்டம். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல். 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பு சிங்களத்தின் இடத்தை யாப்பிலேயே உறுதியாக்கியது. இந்தியாவில் படிக்கப் போகும் மாணவருக்கான செலாவணியும் நிறுத்தப்பட்டது. திரைப்பட இறக்குமதி 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. 1976 மே 14இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் எழுதப்பட்டபோது, தென்னிந்தியத் தமிழ்ப் பண்பாட்டின் பிரதான ஓட்டத்திலிருந்து இலங்கைத் தமிழரைத் திட்டமிட்டுத் துண்டித்தார்கள் என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்றாகவே இடம்பெற்றது. தனிநாடு கேட்ட தீர்மானம் ஒன்றில் இது ஒரு வரியாகியிருக்கிறது என்றால், சஞ்சிகை வராத எரிச்சல் வெறும் பொழுதுபோக்கு எரிச்சலாக இருந்திருக்க முடியாது.

ஆனால் தமிழர் தரப்பிலும் ஒரு பகுதியினர் இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டார்கள், வந்தபோது வரவேற்றார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சுற்றியிருந்தவர்கள் பலரும் பல வருடங்களாக இரண்டு முறைப்பாடுகளை முன்வைத்து வந்தார்கள். ஒன்று, தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள் மலிவாக வந்து குவிவதால் ஈழத்து எழுத்துக்குச் சந்தையே இல்லை. இரண்டு, இது ஒருவழிப் பாதை. அங்கிருந்து எல்லாம் வருகிறது, இங்கிருந்து ஒன்றும் போவதில்லை. இரண்டாவது முறைப்பாட்டில் நியாயம் மிக அதிகம். யாழ்ப்பாணத்தில் அச்சான நாவலைச் சென்னைக் கடையில் தேடிக் கண்டுபிடிப்பது அன்று குதிரைக்கொம்பு. கட்டுப்பாடு வந்ததும் வேறு சஞ்சிகை இல்லாத மேசையில் உள்ளூர்ச் சஞ்சிகைக்கு இடம் கிடைத்தது. 1966இலிருந்து டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலிருந்து நடத்திவந்த மல்லிகை, நகைச்சுவைக்குச் சிரித்திரன், 1975இல் தொடங்கிய அலை எல்லாம் இந்தக் காலத்தில் ஊன்றி நின்றவை. வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் 70களின் தொடக்கத்தில் மலிவுப் பதிப்பு நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிடத் தொடங்கியது. பத்திரிகை விநியோக வலைப்பின்னல் அதன் கையில் இருந்ததால், வன்னிக் கதையும் தீவுப்பகுதிக் கதையும் மலையகக் கதையும் பத்திரிகை போகும் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. எழுத்தாளர் தன் காசில் ஆயிரம் பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் தெரிந்தவர்களுக்கு விற்கும் பழைய முறைக்கு இது ஒரு பெரிய மாற்று.

இதற்கு நல்ல ஒப்பீடு யாழ்ப்பாணத் தோட்டக்காணிதான். அதே ஆண்டுகளில் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் குடாநாட்டுக் கமக்காரர் நல்ல விலை கண்டார்கள். ஆனால் வெங்காயத்துக்குத் தேவையான மண்ணும் கிணறும் உழைப்பும் ஊரிலேயே இருந்தன. புத்தகத்துக்குத் தேவையான கடதாசி அப்படி இல்லை. வாழைச்சேனை ஆலை இருந்தது, அதன் உற்பத்தி நாட்டுக்குப் போதவில்லை. பத்திரிகைக் கடதாசி, மை, அச்செழுத்துக்கான உலோகம் எல்லாம் அதே அனுமதிப்பத்திர மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். புத்தகத்தை உள்ளே விடாத கை கடதாசியையும் அளந்துதான் கொடுத்தது. அதனால் வெளியிலிருந்து வராத பக்கங்களை உள்ளூர் அச்சகங்களால் ஈடுசெய்ய முடியவில்லை. ஆக்க இலக்கியத்தில் ஓரளவு ஈடானது. மருத்துவம், பொறியியல், மொழிபெயர்ப்பு, சிறுவர் வண்ணப் புத்தகம் போன்றவற்றில் ஏறத்தாழ ஒன்றுமே ஈடாகவில்லை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தது மட்டும் ஒரு விசித்திரமான ஆறுதல். முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்து வராத தமிழ், மாஸ்கோவிலிருந்து வந்தது.

வாசகர் என்ன செய்தார்? இருந்ததைப் பாதுகாத்தார். சனசமூக நிலையங்களிலும் வீடுகளிலும், பழைய வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, காலிகோத் துணி முதுகு வைத்துக் கட்டிய தொகுதிகள் இருந்தன. பக்க எண் 37க்குப் பிறகு 41 வரும், இடையில் வேறு கதையின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கத்தில் பாதி வெட்டுண்ட சோப்பு விளம்பரம் தெரியும். புதிய இதழ் நின்ற பிறகு இந்தக் கட்டுகள்தான் கைமாறிக் கைமாறிப் போயின. வாடகைக்கு விடும் சிறிய நூல்நிலையங்களுக்கும் கிராக்கி கூடியது. இந்த நிலையில்தான் ஒவ்வொரு பழைய பிரதியும் மாற்றீடு இல்லாத பொருளாகிறது. 1981 மே இறுதி, ஜூன் முதல் நாள் இரவுகளில் யாழ் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த சுமார் 97,000 நூல்களின் இழப்பைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடத்தல் நடக்கவில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். பயணப் பையில் ஒன்றிரண்டு வருவது எப்போதும் இருந்ததுதான். ஆனால் புத்தகம் கடத்தலுக்கு ஏற்ற சரக்கல்ல: கனம் அதிகம், விலை குறைவு, நனைந்தால் போச்சு. பாக்கு நீரிணையில் படகு ஓட்டுகிறவருக்குச் சேலை மூட்டை தரும் இலாபத்தைப் புத்தக மூட்டை தராது. 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிடுவதையே தடுத்தபோது, பிரஷ்யாவின் தில்சிட் நகரில் அச்சடித்து முதுகில் சுமந்து எல்லை தாண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே உள்ளே அச்சிடவே வழியில்லை, அதனால் புத்தகம் சுமப்பது ஒரு போராட்டமானது. இலங்கையில் தமிழில் அச்சிடத் தடை இருக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் சற்று மிகைப்படுத்துகிறார்கள். இலங்கையில் நடந்ததை அதே அளவுகோலால் சிறியதென்று ஒதுக்குவதும் சரியல்ல.

சர்வதேசச் சட்டம் எதுவும் தடுக்கவில்லையா? யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டு புளோரன்ஸ் உடன்படிக்கையில் இலங்கை 1952இலேயே சேர்ந்துவிட்டது. பலர் இதைக் காட்டி "புத்தக இறக்குமதியைத் தடுக்கவே முடியாது" என்பார்கள். உடன்படிக்கையை வாசித்தால் அப்படி இல்லை. புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை வாங்கக்கூடாது என்பது எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும். அனுமதிப்பத்திரமும் செலாவணியும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை, பொது நூலகங்களுக்கு வரும் நூல்கள் போன்ற சில வகைகளுக்கு மட்டும்தான். கடையில் விற்க வரும் நாவலுக்கு அந்தக் காப்பு இல்லை. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொது ஒழுக்கம் என்ற காரணங்களுக்கு வேறு தனி விலக்கும் இருக்கிறது. ஆகவே தீர்வை பூச்சியமாக இருக்கும்போதே வரத்தையும் பூச்சியமாக்கலாம். தீர்வை இல்லை என்பதை மட்டும் வைத்து "தடை இல்லை" என்று வாதிடுகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

1977 யூலைத் தேர்தலில் ஆட்சி மாறி, அந்த நவம்பரில் திறந்த பொருளாதாரம் வந்தது. சான்றிதழ் முறை ஒழிந்தது, டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்று ஒரே விகிதம், பெரும்பாலான பொருள்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. தமிழகச் சஞ்சிகைகள் திரும்பி வந்தன. அந்த ஏழு ஆண்டில் வளர்ந்த உள்ளூர்ப் பதிப்பு முயற்சிகள் தளர்ந்தன, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நடந்தது போலவே. இறக்குமதியைக் குறைத்தபோது கூடவே செய்திருக்க வேண்டிய வேலைகள் நடக்கவில்லை என்பதுதான் காரணம்: நூலகங்களுக்கு உள்ளூர்ப் பிரதி வாங்கும் திட்டம், கடதாசிக்குத் தனி ஒதுக்கீடு, வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றையும் இணைக்கும் விநியோகம், சென்னைக்கு ஏற்றுமதி வழி. வேலி இருந்தவரைக்கும் பயிர் இருந்தது, வேலி போனதும் மாடு மேய்ந்துவிட்டது. அந்த மாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாசகருக்குக் கல்கியும் மல்லிகையும் இரண்டும்தான் வேண்டியிருந்தன.

இந்த விஷயத்தில் யாராவது உறுதியாக ஒன்றைச் சொன்னால் சரிபார்க்க வழிகள் இருக்கின்றன. இன்ன தேதியில் இன்ன சஞ்சிகை தடை என்றால் வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கள். பழைய வர்த்தமானிகள் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. செலாவணி நிலைமைக்கு மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள், அரசாங்கம் சொன்ன காரணத்துக்கு ஹன்சாட் என்ற நாடாளுமன்ற விவாதப் பதிவு. வாசகர், எழுத்தாளர் பக்கத்துக்கு, 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் அக்காலச் சஞ்சிகைகள் ஸ்கான் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தலையங்கத்தோடு நிறுத்தாமல் கடிதப் பகுதியையும் புத்தகக் கடை விளம்பரங்களையும் சேர்த்துப் புரட்டுங்கள். 1969இல் ஒரு கடை எதை விற்கிறேன் என்று விளம்பரம் செய்தது, 1974இல் எதை என்று பக்கத்தில் பக்கம் வைத்தால், என்னென்ன நின்றன, எது கடைசிவரை வந்துகொண்டிருந்தது என்பது பெயர் பெயராகத் தெரியும்.